சுபேதார் குடித்த தண்ணீர்

போன வாரம் ஷாகிதா போன் செய்தாள். மாவட்டப் பள்ளிகளுக்கு இடையே வருடா வருடம் நடக்கிற பேண்டு வாத்தியப் போட்டிக்கு இப்போது அவள்தான் தலைமை நடுவர். அதே நடுவர் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். ஓய்வு பெற்ற பிடி டீச்சர். இப்போது என் விசில் சமையலறை ஆணியில் தொங்குகிறது. குரங்கு வந்தால் மட்டும் ஊதுகிறேன்.

"டீச்சர், இந்த வருசத்துல இருந்து பாக்க வர்ற சனமும் போன்லயே ஓட்டுப் போடலாம்னு கமிட்டியில பேசறாங்க. அதுக்குத் தனியா மார்க்கு. நீங்க இன்னா சொல்றீங்க?"

"நான் சொல்லி யாரு கேக்கப் போறாங்க?"

"எழுதிக் குடுங்க டீச்சர். நான் கமிட்டியில படிச்சுக் காட்டறன்."

"சுருக்கமாவா, நீளமாவா?"

"உங்களுக்குச் சுருக்கமா வருமா?"

இப்படிக் கேட்டவளுக்கு நீளமாக எழுதிக் கொடுப்பதுதான் தண்டனை. கமிட்டியில் இருக்கும் பெரிய மனிதர்கள் டீ, வடை எல்லாம் வரவழைத்துக்கொண்டு கேட்கவும்.

நான் கடத்தூர்க்காரி. உடற்கல்விக் கல்லூரியில் சேர்ந்த அன்றே எங்களைப் பேண்டுக்குப் பிரித்தார்கள். உயரமானவளுக்குப் பெரிய டிரம். கை வேகமானவளுக்கு சைடு டிரம். மூச்சு பிடிப்பவளுக்கு பியூகிள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகு பெட்டியின் அடியில் ஒரு முக்கோணம் கிடந்தது, வரிசையின் கடைசியில் நான் நின்றிருந்தேன். இரும்புக் கம்பியை மூன்றாக வளைத்து நூலில் தொங்கவிட்டால் அதுதான் என் வாத்தியம். அதை அடிப்பவளின் வேலை பெரும்பாலும் அடிக்காமல் இருப்பது. பாட்டு முழுக்க வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்து வந்து, முறை வரும்போது ஒரு 'டிங்'. சரியான இடத்தில் விழுந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். தப்பான இடத்தில் விழுந்தால் மைதானமே திரும்பிப் பார்க்கும். கல்லூரியில் நான் கற்றதில் வேறெதுவும் எனக்கு இப்போது நினைவில்லை.

பிறகு வேலை, கல்யாணம், கபடி, கோ-கோ, சுதந்திர தினம், குடியரசு தினம் என்று ஓடியது. நடுவர் குழுவுக்கு என்னைக் கூப்பிட்டது என் இசை ஞானத்துக்காக அல்ல. பெண் பிள்ளைகளின் சீருடையைப் பார்த்து மார்க் போட ஒரு பெண் வேண்டியிருந்தது. தர்மபுரியில் போட்டி நடக்கும் மைதானத்து ஷாமியானாவுக்குள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் இசை ஆசிரியர் கோதண்டம் சார். வாத்தியம் தொடங்கியதும் கண்ணை மூடுவார், முடிந்ததும் திறப்பார். நடுவில் அணி கீழே விழுந்து எழுந்து போனாலும் அவருக்குத் தெரியாது. இன்னொருவர் தலைமை நடுவர், சுபேதார் பெருமாள் ஐயா. தீர்த்தமலை அடிவாரத்து ஆள், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். மடக்கு முக்காலி ஒன்றைத் தானே கொண்டு வருவார். அதில் உட்கார்ந்தால் அவர் கண் சரியாகப் பிள்ளைகளின் முழங்கால் உயரத்துக்கு வரும். அதற்கு மேலே அவர் பார்த்து நான் கண்டதில்லை. ஒருமுறை ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் எதிரில் வந்து கும்பிட்டபோது, "ஷூ பாலிஷ் நல்லாருக்குங்க" என்றார். ஆக, ஒருவர் காலை மட்டும் பார்ப்பார், ஒருவர் எதையுமே பார்க்க மாட்டார், மீதி உலகத்தைப் பார்த்துக்கொள்ள நான்.

சுபேதாருக்கு ஒரு டம்ளர் உண்டு. சாதாரண எவர்சில்வர் டம்ளர். பாதை ஓரத்தில் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார். அணி கடந்து போகும்போது அந்தத் தண்ணீரையும் ஒரு கண்ணால் பார்ப்பார். எல்லாக் காலும் ஒன்றாக விழுந்தால் தண்ணீரில் ஒரே வட்டமாக அலை எழுமாம். கால் பிசகினால் தண்ணீர் கலங்குமாம். உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் பலமுறை குனிந்து பார்த்திருக்கிறேன். எனக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது.

அணி போனதும் டம்ளரை எடுத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டுவார், மறுபடி நிரப்புவார். இதை வருடக்கணக்காகப் பார்த்த கூட்டம் அதில் ஒரு கதையைக் கண்டுபிடித்தது. சுபேதார் கொட்டினால் அந்த அணிக்கு ஒன்றுமில்லை. என்றைக்காவது அவர் அதைக் குடித்தால் கப் அந்த அணிக்குத்தான். அது மைதானத்துக் குழாய்த் தண்ணீர். கூட்டமோ அதைத் தீர்த்தமலைத் தீர்த்தம் என்றே சொல்லிக்கொண்டது. அவர் குடித்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் கதைக்கு ஆபத்தும் வரவில்லை.

போட்டி முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. முதலில் ஆய்வு. அணி வரிசையாக நிற்கும். நான் போய்க் கழுத்துப் பொத்தான், ரிப்பன், நகம், ஷூ கயிறு, டிரம்மைத் தாங்கும் பெல்ட் எல்லாம் பார்ப்பேன். பெல்ட் தளர்ந்திருந்தால் டிரம் முழங்காலில் இடிக்கும், அடி பிசகும். பிறகு விசில். மூலையிலிருந்து கிளம்பி நேராக வந்து, மேடைக்கு முன்னால் வணக்கம் செலுத்தி, அப்படியே திரும்பி, வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, வந்த வழியே போக வேண்டும். மார்க் தாளில் சீருடை, நடை, இசை, முன்னால் தண்டு சுழற்றிப் போகிற தலைவரின் மிடுக்கு என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்துக்கு 'பொதுத் தோற்றம்' என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால் அதை என்னிடம் விட்டிருந்தார்கள்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். மாரண்டஹள்ளி ரோட்டில் ஓர் ஊர். அங்கே பஸ் ஸ்டாண்டை ஒட்டி மேட்டில் ஒரு பெண்கள் பள்ளி, கொஞ்சம் கீழே பள்ளத்தில் ஒரு ஆண்கள் பள்ளி. பெயரைச் சொன்னால் இன்னும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் மேட்டுப் பள்ளி, பள்ளத்துப் பள்ளி என்றே வைத்துக்கொள்வோம். பள்ளத்துப் பள்ளிக்கு ரசிகர் கூட்டம் உண்டு. வேனில் வருவார்கள், பீப்பி ஊதுவார்கள், அணி கிளம்பும் முன்பே ஜெயித்துவிடுவார்கள். அவர்களின் மாஸ்டர் திம்மராஜ் சார் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் பாதியில் இறங்கிப் போய்விடும். மேட்டுப் பள்ளிக்கு ரசிகர் என்று பார்த்தால் அவர்கள் வந்த பஸ்ஸின் டிரைவர் ஒருவர்தான்.

மேட்டுப் பள்ளியின் பகுதி நேர பிடி டீச்சர்தான் இந்த ஷாகிதா. பாலக்கோட்டில் அவள் தகப்பனாருக்குத் தக்காளி மண்டி. ஏலத்தில் கத்திக் கத்திப் பழகிய குடும்பம் என்பதால் அவளுக்கு மைக் தேவையில்லை. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பெரியவர்கள் முன்னால் பவ்யமாக நிற்பாள். நாம் திரும்பியதும் நம் நடையை அப்படியே நடந்து காட்டுவாள். என் நடையை அவள் நடந்து காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அச்சு அசலாக இருந்தது.

ஆய்வுக்கு முன் டீ குடிக்கும் இடத்தில் மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியை சரோஜா அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வாட்டி கப்பு வரலைன்னா டிரம்மு, பியூகிள் அல்லாத்தையும் கீழ பசங்க ஸ்கூலுக்கே குடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டன் டீச்சர். அவங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு இது எதுக்குங்க? அந்த நேரத்துல ரெண்டு கணக்கு போடுவாளுங்க."

நடுவரிடம் இப்படிப் பேசக் கூடாது. ஆனால் அவர் சிபாரிசு கேட்கவில்லை; தோற்றால் நல்லது என்கிற நினைப்பில்தான் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆய்வில் அந்த அணி முன் நின்றேன். பெரிய டிரம்மைச் சுமந்த பெண்ணின் பெயர் பிரியா. ஒல்லி. முன்னாலிருந்து பார்த்தால் டிரம்முக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தாள். டிரம்மின் பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள், முகம் தெரிந்தது.

"யாரு தேச்சது?"

"நாந்தாங்க டீச்சர். போற எடத்துலயாச்சும் நல்லா வெச்சுக்கணுமில்லீங்க."

ஆனாலும் அவள் இடது ஷூ கயிறு அவிழ்ந்திருந்ததற்கு அரை மார்க்கைக் குறைத்தேன். நடுவர் நடுவர்தான்.

பள்ளத்துப் பள்ளி முதலில் வந்தது. நன்றாகத்தான் செய்தார்கள், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டிரம் சத்தத்தில் ஷாமியானாவின் கயிறு அதிர்ந்தது. கோதண்டம் சார் மூடிய கண்ணோடு தலையாட்டினார். சுபேதார் தண்ணீரைப் பார்த்தார், கொட்டினார். கூட்டம் 'ச்சே' என்றது.

அடுத்து மேட்டுப் பள்ளி. பாதி தூரம் எல்லோரையும் போலத்தான் வந்தார்கள். மேடைக்குச் சற்று முன்னால், தண்டு பிடித்த பெண் அதைப் படுக்கை வாட்டில் தலைக்கு மேலே உயர்த்தினாள். அவ்வளவுதான், டிரம் நின்றது. சைடு டிரம் நின்றது, பியூகிள் நின்றது. குச்சிகள் எல்லாம் டிரம்முக்கு மேலே அந்தரத்தில் நின்றன. கால்கள் மட்டும் நிற்கவில்லை.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு பள்ளத்துப் பக்கத்திலிருந்து ஒருவன், "மறந்துட்டாளுங்கடா!" என்று கத்தினான். விசில், சிரிப்பு, பீப்பி. "பாட்டக் காணோம்!" "கரண்டு கட்டு!" என்றெல்லாம் குரல்கள். கோதண்டம் சார் என் ஞாபகத்தில் முதல்முறையாகப் போட்டியின் நடுவே கண்ணைத் திறந்தார். காதில் அடைப்பு விழுந்துவிட்டது என்று நினைத்துச் சுண்டு விரலை விட்டு ஆட்டிக்கொண்டார். நானோ என்னை அறியாமல் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சலுக்கு அடியில் கான்வாஸ் ஷூக்கள் 'சரக், சரக்' என்று ஒரே காலாக விழுந்துகொண்டிருந்தன. எட்டு எண்ணி முடித்தேன். தண்டு இறங்கியது. 'டம்' என்று பிரியாவின் டிரம்மும், அதனோடு மற்ற எல்லாமும், ஒரு மயிரிழை முன்பின் இல்லாமல் ஒன்றாக விழுந்தன.

முக்கோணம் அடித்தவளுக்குத்தான் தெரியும், அடிக்காமல் எண்ணிக்கொண்டு வந்து சரியான இடத்தில் விழுவது எவ்வளவு பெரிய பாடு என்று. எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. நடுவர் கை தட்டக் கூடாது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

அணி கடந்து போனது. சுபேதார் பலகையிலிருந்து டம்ளரை எடுத்தார். சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. அண்ணாந்து, தொண்டைக்குள் ஊற்றி, மடக் மடக்கென்று குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"குடிச்சுட்டாருடா! சுபேதார் குடிச்சுட்டாரு!"

மைதானம் எழுந்து நின்றது. முதலில் பஸ் டிரைவர் சந்தோஷத்தில் கத்தினார். பிறகு கத்தியதெல்லாம் பள்ளத்துப் பள்ளி ரசிகர்கள். காலித் தண்ணீர் பாக்கெட்டுகள் ஷாமியானா மேல் விழ ஆரம்பித்தன. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரிக்கு எதுவும் புரியவில்லை. "ஒருத்தர் தண்ணி குடிச்சா ஏங்க கத்தறாங்க?" என்று என்னைக் கேட்டார். வெயில் என்றேன்.

திம்மராஜ் சார் ஷாமியானாவுக்குள் வந்துவிட்டார். "ஏனிது ஸார்? ஏனிது? பாட்டை மறந்துட்டு பேபேன்னு நடந்தவங்களுக்கு கப்பா? அதுவும் ரிசல்ட்டு சொல்றதுக்கு முந்தி தண்ணியக் குடிச்சுக் காட்டறாரு!"

சுபேதார் அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டே, "தாகமா இருந்துச்சுங்க" என்றார்.

அதோடு நிற்கவில்லை, எங்களுக்குள்ளேயே தகராறு. சுபேதார் நடைக்கு முழு மார்க் போட்டிருந்தார். கோதண்டம் சார் இசைக் கட்டத்தில் பாதியை வெட்டியிருந்தார்.

"இசைக்குப் போட்டி வெச்சா இசைய நிறுத்திட்டுப் போறாங்க. எதுக்குங்க மார்க்கு?"

"காலுக்கு."

"காலு வாசிக்குமாங்க?"

"வாசிச்சுதே. நீங்கதான் காதுல வெரல வெச்சிருந்தீங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதாவது கோதண்டம் சார் முகத்தைப் பார்த்தார், சுபேதார் என் செருப்பைப் பார்த்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டு பள்ளியும் அக்கம்பக்கத்தில் நின்றன. பாக்கி என் கையில் இருந்த 'பொதுத் தோற்றம்' மட்டும். நான் எதைப் போட்டாலும் பாதி மைதானம் என்னைத் தின்றுவிடும். வெளியே பிரியா டிரம்மைக் கழற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கழற்றினால் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவள் போல இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

நான் திம்மராஜ் சாரைப் பார்த்தேன். "அவங்க மறந்துட்டாங்கன்னுதான சொல்றீங்க?"

"ஆமா! ஊருக்கே தெரியும்!"

"அப்ப இன்னொரு வாட்டி நடக்கச் சொல்லிப் பாக்கலாங்க. மறந்தவங்க அதே எடத்துலயேவா மறப்பாங்க?"

சந்தேகம் வந்தால் மறுபடி நடக்கச் சொல்லலாம் என்று விதியில் இருந்தது. மேட்டுப் பள்ளி மறுபடி வந்தது. அதே இடத்தில் தண்டு உயர்ந்தது, அதே கால், அதே எட்டு. இந்தத் தடவை கூட்டம் கூச்சல் போட மறந்து பார்த்ததால் காலடிச் சத்தம் ஷாமியானா வரை கேட்டது. திம்மராஜ் சாருக்கும் கேட்டது. நியாயமாக அவர் அத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் வேன் நிறைய ரசிகர்கள் நின்றிருந்தார்கள்.

"இது ஒரு வித்தையா? எங்க பசங்க கண்ணைக் கட்டிட்டே பண்ணுவாங்க!"

பின்னால் நின்ற கூட்டம் 'ஓ' என்றது.

"கண்ணையெல்லாம் கட்ட வேண்டாங்க சார்," என்றேன். "டிரம்ம மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, போதும்."

அவர் முகம் லேசாக மாறியது. என்ன செய்வது, வாயை விட்டாயிற்று. அதைக் கேட்டுவிட்டு ஷாகிதா கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தல் காலுக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன்.

பள்ளத்துப் பள்ளி கம்பீரமாகக் கிளம்பியது. மேடைக்கு முன்னால் டிரம் நின்றது. முதல் இரண்டு மூன்று அடி நேராகப் போனது. அப்புறம் இடது வரிசை வேகம் எடுத்தது. வலது வரிசை இடதைப் பார்த்துத் தயங்கியது. ஜால்ரா வைத்திருந்தவன் மற்றவர்கள் வருகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்க்க, அவன் பின்னால் வந்தவன் அவன் மேல் மோதினான். சந்தையில் கயிறு அவிழ்ந்த மாடுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மறுபடி வாத்தியம் தொடங்க வேண்டிய இடத்தில் பெரிய டிரம் முதலில் விழுந்தது, சைடு டிரம் கொஞ்சம் யோசித்து விழுந்தது, பியூகிள் அடுத்த பஸ்ஸில் வந்தது.

முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வேனில் வந்த அவர்களுடைய ரசிகர்கள்தான். பீப்பியை ஊத முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அணியின் தலைவனாக வந்த பையன் நல்ல பையன். அவனும் சிரித்துவிட்டு, மேட்டுப் பள்ளி நின்ற பக்கம் திரும்பி ஒரு சல்யூட் வைத்தான். கோதண்டம் சார் தாளை இழுத்துத் தான் வெட்டிய மார்க்கை மறுபடி போட்டார். "முதல் வாட்டி சத்தத்துல கேக்கலீங்க டீச்சர். ரெண்டாவது வாட்டி கேட்டுச்சு. தாளம் உள்ள ஓடிட்டுத்தான் இருந்துருக்கு" என்றார். நல்ல மனுஷன். 'பொதுத் தோற்றம்' கட்டத்தை நான் நிதானமாக நிரப்பினேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தைக்கு ஒரு வேலை வந்தது.

கப் மேட்டுப் பள்ளிக்கு. வாங்கப் போனது சரோஜா அம்மா. மைக்கைப் பிடித்து, "என்னோட இடைவிடாத ஊக்கமே இந்த வெற்றிக்குக் காரணம்" என்றார். பிரியா அப்போதும் டிரம்மைக் கழற்றவில்லை. தலையை அதன் மேல் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஷாகிதாவைப் பிடித்தேன். "எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

"எனக்கு எங்கங்க டீச்சர் தோணுச்சு? எச்.எம். அம்மாவாலதான். பன்னண்டாவதுக்குப் பரீட்சை, கணக்கு கிளாஸுக்கு எடைஞ்சலா இருக்குன்னு டிரம்ம அடிக்கவே கூடாதுன்னுட்டாங்க. குச்சிய மேல புடிச்சுக்கிட்டு, மனசுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு, கிரவுண்டுல சத்தமில்லாமத்தான் நடந்தோம். இங்க வர்றதுக்குக் கொஞ்ச நாள் முந்திதான் டிரம்மையே தொட்டோம். அப்பப் பாத்தா, சத்தம் இல்லாம நடக்கறதுதான் இவளுங்களுக்கு நல்லா வருது. சரி, வர்றதக் காட்டலாம்னு..."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரோஜா அம்மா மைக்கில் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கப் வாங்கிய வாத்தியத்தைக் கீழே கொடுக்க அப்புறம் அவருக்கே மனம் வரவில்லை. டிரம் மேட்டிலேயே இருந்தது.

கமிட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த வருடத்தை. வந்த பள்ளிகளெல்லாம் மேடைக்கு முன்னால் வாத்தியத்தை நிறுத்தின. ஒரு பள்ளி நிறுத்தியது நிறுத்தியபடியே மறுமுனை வரை போய் வெளியேறிவிட்டது. எங்கே தொடங்குவது என்று யாருக்கும் நினைவில்லை. கூட்டம் எல்லாவற்றுக்கும் கை தட்டியது. முந்தின வருடம் 'கரண்டு கட்டு' என்று கத்தியவர்களைத் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை. எல்லோருமே அன்றைக்கே கை தட்டியவர்களாக மாறியிருந்தார்கள். திம்மராஜ் சாரே என்னிடம், "நான் அவத்தே, அன்னைக்கே சொன்னேனல்ல டீச்சர், அதுல ஏதோ விஷயம் இருக்குதுன்னு" என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். சுபேதார் ஒவ்வொரு டம்ளராகக் கொட்டிக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் ஷாகிதா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் வாசிக்க வைத்து அழைத்துப் போனாள். "சைலண்ட் எங்க? சைலண்ட் எங்க?" என்று கூட்டம் கத்தித் தீர்த்தது. அவள் கர்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுபேதார் இப்போது இல்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. புதுசாக ஒன்று வரும்போது கூட்டத்தின் சிரிப்பைக் காதில் வாங்காமல் உடனே முழு மார்க் போட்டது, எங்களில் ரொம்பக் கட்டுப்பெட்டி என்று நாங்கள் பேசிக்கொண்ட அந்த மனிதர் மட்டும்தான். தலைக்கு மேலே நடக்கும் கூச்சல் எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டம்ளர் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனபோது எனக்கு அதில்தான் காபி கொடுத்தார்கள். உண்மையிலேயே தாகத்துக்குத்தான் குடித்தீர்களா என்று அவரிடம் கடைசி வரை நான் கேட்கவில்லை.

ஆகவே, ஷாகிதா, என் அபிப்பிராயம் இதுதான். சனம் ஓட்டுப் போடட்டும். தாராளமாகப் போடட்டும். அவர்கள் இல்லாவிட்டால் மைதானத்தில் நாமும் காக்கைகளும்தான். ஆனால் இந்த வருடம் பார்த்ததற்கு அடுத்த வருடம் ஓட்டுப் போடச் சொல். போனிலேயே போடட்டும், ஆட்சேபனை இல்லை. இடையில் ஒரு வருடம் கொடுத்தால் நம் சனத்துக்கு ரசனை தானாக வந்துவிடுகிறது.

இதுவரை எழுதி முடித்துவிட்டுத்தான் முந்தாநாள் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டேன். சாயங்காலம் மேட்டுப் பள்ளி இருக்கும் ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. மேலே பள்ளி மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டிரம் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. எனக்குப் பக்கத்துச் சீட்டில், மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று டிரம் நின்றது.

அவர் உச்சுக் கொட்டினார். "ப்ச்! மறந்துட்டாளுங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு இது எதுக்குங்க?"

செருப்புக்குள் என் கால் விரல் தானாக எண்ண ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "கொஞ்சம் இருங்க தம்பி" என்றேன். ஏதோ இறங்க மறந்த கிழவி என்று நினைத்து அவரும் நின்றார்.

ஆறு. ஏழு. எட்டு.

'டம்' என்று மேட்டிலிருந்து இறங்கி வந்தது, எல்லாமும் ஒன்றாக.

முருங்கைக்காய்க்காரர் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா! நான் சொன்னன்ல, எங்க ஊர்ப் புள்ளைங்க சும்மா பின்னிருவாளுங்கன்னு!"

ஷாகிதா, இவருடைய ஓட்டையும் சேர்த்துக்கொள்.